நாலு கேள்வி, மூன்று போண்டா

முதலில் மன்னிப்பு. இந்த வாரம் என் கையெழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருக்கும். இரண்டு நாளாக மில்லில் மிளகாய் அரைப்பு. விரலெல்லாம் எரிகிறது. பேனா ஒரு பக்கம் போகிறது, எழுத்து ஒரு பக்கம் போகிறது. பிழைகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். பத்திரிகை ஆபீசில் இதைக் கம்போஸ் செய்கிற தங்கச்சி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். வாராவாரம் நீங்கள் படிப்பதில் பாதி என் எழுத்து, மீதி அந்தத் தங்கச்சியின் பொறுமை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருவரைத் திட்டுவது எப்படி?

சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது தானாக வரும். எனக்கு வராது. நல்லவன் என்பதற்காகச் சொல்லவில்லை... கூச்சம். பாடாலூரில் நான் மாவு மில் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். மோட்டார் ஓடும்போது அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. வருகிறவர்கள் டப்பாவை வைத்துவிட்டு, நைசா, கொரகொரப்பா என்று விரலாலேயே காட்டுவார்கள். நான் தலையை ஆட்டுவேன். இப்படி ஒரு தொழில் எனக்கு அமைந்ததற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன்.

அப்படிப்பட்ட என்னை, ஒருவரைத் திட்டிவிட்டு வா என்று பஸ் ஏற்றி அனுப்பினார்கள். யாரை? அரியலூரில் இருக்கிற ஒரு இங்கிலீஷ் வாத்தியாரை.

நடந்தது போன ஆடி மாதத்தில்.

என் அக்கா மகள் கவிதாவை அரியலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சதீஷ் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் ஆசிரியர். வீட்டு முன்னறையில் டியூஷனும் எடுக்கிறார். கல்யாணமாகி நாலு வருஷம். ஒரு குறையும் கேள்விப்பட்டதில்லை.

ஆடி பிறந்த மூன்றாம் நாள், கவிதா ஒரே ஒரு பையோடு பாடாலூரில் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

'ஆடிக்கு வந்திருக்கிறாள்' என்று தெருவில் சொல்லிவைத்தோம். புதுப்பெண்தான் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வருவாள். நாலு வருஷமானவள் வருவாளா? தெருவில் யாரும் நம்பவில்லை. நம்பாததை முகத்தில் காட்டவும் இல்லை. அந்தச் சாக்கு ஆடி முடிகிறவரை ஓடும். ஆவணி பிறந்துவிட்டால்?

என்ன நடந்தது என்று கேட்டதற்குக் கவிதா ஒளிக்காமல் சொன்னாள்.

"தப்பு என் மேலதான் மாமா. அலமாரியச் சுத்தம் பண்ணேன். பழைய டெஸ்ட் பேப்பரு ரெண்டு சாக்கு கெடந்துச்சு. பழைய பேப்பர்காரரு வந்தாரு. அள்ளிப் போட்டுட்டு ஒரு பிளாஸ்டிக் கொடம் வாங்கிட்டேன். அதுக்குள்ள அவுங்க நோட்டு ஒண்ணு இருந்துருக்கு. எட்டு வருசமா எழுதி வெச்ச நோட்டாம். எனக்குத் தெரியல."

"அதுக்கு அடிச்சாரா?" என்றாள் அக்கா.

"சேச்சே. திட்டுனாங்க."

"திட்டுனதுக்கா பையத் தூக்கிட்டு வந்த? உங்கப்பா என்னைத் திட்டாத திட்டா? நான் எத்தன தடவ பஸ் ஏறியிருக்கணும்?"

கவிதா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"டியூஷன் பிள்ளைங்க இருவது பேரு உக்காந்திருந்தாங்கம்மா. அவுங்க முன்னாடி நிக்க வெச்சு இங்கிலீஷ்ல திட்டுனாங்க. அஞ்சு நிமிசம். நடுவுல நாலு தடவ என் பேரு வந்துச்சு. எனக்கு அது மட்டுந்தான் புரிஞ்சுது. பிள்ளைங்களுக்கு எல்லாமே புரிஞ்சுது. ஒண்ணு ரெண்டு தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிப்ப அடக்குச்சுங்க. அதப் பாத்தேன்."

அப்புறம் சொன்னாள்: "தமிழ்ல திட்டியிருந்தா நானும் நாலு சொல்லியிருப்பேன். அத்தோட முடிஞ்சிருக்கும். வாயத் தொறக்க வழியில்லாம நின்னேன் மாமா. ஊமை மாதிரி."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் நேராகப் போகக்கூடாது. போனால் பேச்சு முற்றிவிடும். தாய்மாமன்தான் போக வேண்டும். போய் நாலு கேள்வி கேட்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் 'தப்புதான்' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அங்கே சாப்பாடு. கேட்டு முடிக்கிறவரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கை நனைத்துவிட்டால் கேட்கிற உரிமை போயிற்று. சாப்பிட்ட கையோடு ஒருவரை எப்படிக் கேள்வி கேட்பது?

"என்ன நாலு கேள்விக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அங்க போய் நின்னா தானா வரும்டா."

எனக்கு எதுவும் தானாக வந்ததில்லை. அதனால் மில்லில் பழகிப் பார்த்தேன். மோட்டாரைப் போட்டுவிட்டு, மாவு அரைக்கிற மிஷின் வாயைப் பார்த்து, "என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? எங்க வூட்டுப் பொண்ணு என்ன கேக்க ஆளில்லாதவளா?" என்று கத்தினேன். ரொம்பத் தெளிவாக வந்தது. என் காதுக்கே கேட்கவில்லை, அதனால் தைரியமாக இன்னும் இரண்டு கத்தினேன். கேழ்வரகு கொண்டுவந்த ஒரு அம்மா மோட்டார் நின்றதும் கேட்டார்: "என்னண்ணே, வாய் அசையுது? ஜெபமா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. முறைப்படி பார்த்தால் நான் சதீஷுக்குச் சித்தப்பா. ஆனால் பெண்டாட்டி கூப்பிடுவதைப் பார்த்து அவரும் என்னை மாமா என்பார். திருத்தச் சொல்ல எனக்குக் கூச்சம். நானோ அவரை 'சார்' என்பேன். என்னைவிட இருபது வயது சின்னவர்தான்... ஆனால் வாத்தியார் இல்லையா? கையில் சாக்பீஸ் இருந்தால் எனக்கு அவர் சார்தான். இப்போது சொல்லுங்கள் — ஒருவரை சார் என்று கூப்பிட்டுக்கொண்டே எப்படித் திட்டுவது?

ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். பயத்தில் வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொண்டேன். அரியலூரில் போய்த் தாகம் எடுத்துவிடக் கூடாதே. அங்கிருந்து அடுத்த பஸ், வழி முழுக்க சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகட்டும் என்றுதான் நான் நினைத்தேன்.

சதீஷ் வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. உள்ளே டியூஷன் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் எழுந்து வந்தார்.

"வாங்க மாமா. உக்காருங்க. ஒரு அரை மணி நேரம்... கிளாஸ முடிச்சுட்டு வந்துடறேன்."

பிள்ளைகள் முன்னால் வாத்தியாரைக் கேள்வி கேட்பதா? அதைச் செய்தால் அவர் கவிதாவுக்குச் செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன். நாற்பது வருஷம் கழித்து ஒரு வகுப்பில்.

சதீஷ் போர்டுப் பக்கம் திரும்பினார்.

"நேத்திக்கு சந்தோசம் முடிச்சோம். இன்னிக்குத் திட்டு. ஒருத்தர் இன்னொருத்தரத் திட்டுறதுக்கு இங்கிலீஷ்ல என்னென்ன இடியம் இருக்குன்னு பாக்கப்போறோம். எழுதிக்கங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துதான் இந்தப் பாடமா? என்னைக் கிண்டல் செய்கிறாரா? இல்லை, 'திட்ட வந்திருக்கிறாயே, இதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்' என்று கடை விரிக்கிறாரா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாக்பீஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"டிரெஸ்ஸிங் டவுன்" என்றார். ஒருவரைக் கடுமையாகத் திட்டுவதாம். அதில் டிரெஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்தது, கம்பளத்தின் மேல் கூப்பிடுவது. மேலதிகாரி அறையில் கம்பளம் விரித்திருக்குமாம், அதன் மேல் நிற்க வைத்துத் திட்டுவாராம். எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் ஜமக்காளம் விரித்தால் உட்காரச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். வெள்ளைக்காரர் அதிலே நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார்... பாவம், நின்றவன் செருப்பைக் கழற்றினானா இல்லையா?

"அடுத்து, ஹால் ஓவர் த கோல்ஸ். எரியிற கரி மேல இழுத்துக்கிட்டுப் போறது."

முன்வரிசையில் ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண் எழுந்தாள். "செத்துடுவாங்களே சார்?"

"நெசமா இழுக்க மாட்டாங்கம்மா. கூப்ட்டு வெச்சுக் கடுமையா விசாரிக்கிறது."

"எங்கப்பாவ குவாரி ஆபீசுல வாரம் ஒருக்கா இழுக்குறாங்க சார்," என்று ஒரு பையன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சதீஷும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேலை நினைவுக்கு வந்ததும் அடக்கிக்கொண்டேன்.

வரிசையாக எழுதிக்கொண்டே போனார். தலையைக் கடித்து எடுப்பது. காது நிறையக் கொடுப்பது. மேலே இருந்து ஒரு பட்டையாக உரித்து எடுப்பது. எல்லாம் திட்டுதான். ஊரில் கூட்டம் கூடிக் கலாட்டா செய்தால் 'கலைந்து போங்கள்' என்று ஒரு சட்டத்தை வாசித்துக் காட்டுவார்களாம் — வீட்டில் அப்பா பிள்ளையைத் திட்டினாலும் அந்தச் சட்டத்தை வாசித்தார் என்றுதான் சொல்வார்களாம். இன்னொன்று, தன் மனசில் ஒரு துண்டைக் கொடுப்பது. இது என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்துவிட்டது. திட்டுகிறவர் தன் மனசிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கிறார். கொடுக்கக் கொடுக்க அவருக்குக் குறையாதா? வாங்கியவர் அதை எங்கே வைத்துக்கொள்வார்? அக்கா இத்தனை வருஷத்தில் எனக்குக் கொடுத்த துண்டுகளை ஒட்டினால் இரண்டு முழு மனசு வருமே...

இந்த யோசனையில் இருக்கும்போதுதான் கையில் ஏதோ சூடாக இருந்தது.

பார்த்தேன். பாதி போண்டா. சின்ன வெங்காயம் போட்டது.

மடியில் ஒரு தட்டு. தட்டில் கொஞ்சம் சட்னி. சட்னி வழித்திருந்த தடத்தைப் பார்த்தால் ஏற்கெனவே இரண்டு உள்ளே போயிருக்கிறது. எப்போது தட்டு வந்தது? யார் கொடுத்தார்கள்? நான் எப்போது வாங்கினேன்?

சமையல்கட்டு வாசலில் சதீஷின் அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு வெக்கட்டுமா தம்பி?" என்று மெல்லக் கேட்டார்.

பசித்த முகத்தைப் பார்த்துவிட்டு அன்பாகக் கொடுத்தாரா? இல்லை, முறை தெரிந்தவர்தானே... தெரிந்தே கொடுத்தாரா? இன்றைக்குவரை எனக்கு விடை தெரியாது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கையில் இருந்த பாதியை என்ன செய்வது? கீழே வைத்தால் மட்டும் போன உரிமை திரும்பி வருமா? தின்றுவிட்டேன். மூன்று.

முடிந்தது. அக்காவின் நாலு கேள்வியும் போண்டாவோடு உள்ளே போய்விட்டது. ஆவணி பிறக்கப்போகிறது. கவிதாவின் பை இன்னும் அக்கா வீட்டு ஆணியில் தொங்குகிறது. அவள் வாழ்க்கையை நான் ஒரு தட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது, போண்டாவில் பச்சை மிளகாய் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். திட்ட வேண்டிய வேலை இனி இல்லை என்று ஆனதும் மனசு லேசாகிவிட்டது. பயம் போய்விட்டது. முதல்முறையாகப் பாடத்தை மட்டும் கவனித்தேன். கவனிக்கக் கவனிக்க ஒரு சந்தேகம் வந்தது. போர்டு முழுக்க எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் அங்கே இல்லை.

"டவுட் இருந்தா கேளுங்க," என்றார் சதீஷ்.

என் கை மேலே போயிருந்தது.

சத்தியமாக நான் தூக்கவில்லை. அதுவாகப் போனது. இருபது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். சதீஷ் ஒரு நிமிஷம் தயங்கி, "சொல்லுங்க மாமா," என்றார். வகுப்பில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கேட்பது? எழுந்து நின்றேன்.

"சார்... ஒரு சந்தேகம். இது எல்லாமே திட்டுறவங்க பக்கத்துல இருந்து இருக்கு. கரி மேல இழுத்தாலும் சரி, கம்பளத்துல நிக்க வெச்சாலும் சரி, வாங்குறவனுக்கு என்ன சொல்றாங்கன்னு புரியும். புரிஞ்சா அவன் பதில் சொல்லலாம். தப்புன்னாலும் ஒத்துக்கலாம். வாங்குறவங்களுக்கு அந்தப் பாஷையே தெரியலன்னா... அதுக்கு என்ன பேரு சார்?"



ரெட்டை ஜடைப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். குவாரிப் பையன் பேனாவை மூடினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு இருந்த அதே இருபது பேர்.

சதீஷ் போர்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் எழுதியதில் எங்கேயாவது இருக்கும் என்று தேடுவதுபோல. சாக்பீஸ் கையில் அப்படியே இருந்தது.

"அதுக்கு... அதுக்கு இடியம் எதுவும் இல்ல மாமா," என்றார், திரும்பாமலேயே. "இன்னிக்கு இது போதும். எல்லாரும் கெளம்புங்க."

நான் பயந்துபோனேன். பாடத்தில் இல்லாததைக் கேட்டு வகுப்பையே கலைத்துவிட்டேனே. அந்தக் காலத்திலும் எனக்கு இதே பழக்கம்தான். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டு பெஞ்சு மேல் நிற்பேன்.

பிள்ளைகள் போன பிறகு சதீஷ் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும் மாமா. கேளுங்க."

"ஒண்ணுமில்ல சார். போண்டா சாப்ட்டுட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. என்னையும் காலித் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் அம்மா இருமினார்.

பிறகு அவராகவே பேசினார். "அந்த நோட்டு போனதுல எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு மாமா. காலேஜ் முடிச்ச நாள்லேர்ந்து எழுதுனது. இப்ப ஞாபகத்துல இருக்குறதத்தான் தினம் கொஞ்சம் போர்டுல போட்டு, பிள்ளைங்களயும் எழுதச் சொல்றேன். வரிசைப்படி இன்னிக்கித் திட்டு வந்துச்சு. நீங்க வருவீங்கன்னு நெனக்கல."

கிண்டல் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி.

"பிள்ளைங்க முன்னாடி தமிழ்ல கத்துனா அசிங்கம்னு நெனச்சேன். இங்கிலீஷ்ல சொன்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும்னு..." என்று இழுத்தார்.

யாருக்கு மரியாதை சார் என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு, "வரேன் சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றுதான் வந்தது.

பாடாலூரில் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கேட்டியா?"

"ஒண்ணு கேட்டேன்."

"நாலு கேக்கச் சொன்னா ஒண்ணா? சரி, என்ன சொன்னாரு?"

"அதுக்கு இடியம் இல்லன்னு சொன்னாருக்கா."

"என்ன எழவு அது? கை நனைக்கலல்ல?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எத்தன?"

"மூணு போண்டா."

அதற்குப் பிறகு நடந்ததை எழுத முடியாது, பத்திரிகையில் போட மாட்டார்கள். அக்கா என்னை வறுத்தாள், காய்ச்சினாள், தாளித்தாள், கடைசியில் பொரிந்து தள்ளினாள். வாங்கிக்கொண்டே யோசித்தேன்: நம் ஊர்த் திட்டெல்லாம் ஏன் சமையல்கட்டிலிருந்தே வருகிறது? அது தீர்ந்தால் அர்ச்சனை, மண்டகப்படி என்று கோயிலுக்குப் போய்விடுகிறோம். வெள்ளைக்காரருக்கு ஆபீசும் கம்பளமும். ஒருவேளை அவர்கள் வீட்டில் திட்டிக்கொள்ள மாட்டார்களோ? சதீஷ் சாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம், அவரை இனி எந்த முகத்தோடு கேட்பது என்றும் நினைத்தேன்.

கவிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டவில்லை. "பிள்ளைங்க முன்னாடியா கேட்ட மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்மா. தெரியாமக் கேட்டுட்டேன்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

எட்டு நாள் போயிற்று. ஆடி முடிய ஒரு வாரம்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில்லில் கூட்டமான நேரம், வாசலில் ஒரு பைக் நின்றது. சதீஷ். மாவு பறக்கிற இடத்தில் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்று ஏதோ சொன்னார். கேட்கவில்லை. மோட்டாரை நிறுத்தினேன்.

"நீங்க விட்ட டோஸ்ல எனக்கு எட்டு நாளா சோறு எறங்கல மாமா," என்றார்.

"நானா? நான் எப்ப சார் விட்டேன்?"

"இருவது பிள்ளைங்க முன்னாடி நிக்க வெச்சு விட்டீங்களே."

"அது சந்தேகம் சார். நெசமாவே சந்தேகந்தான்."

"தெரியும் மாமா. அதான்..." என்றவர் சட்டையில் படிந்த மாவைத் தட்டினார். "தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வரீங்களா?"

என்னை நம்பி ஒருவர் துணைக்குக் கூப்பிடுகிறார். போனேன்.

அக்காவுக்கு ஒரு விசித்திரக் குணம். இத்தனை நாள் மாப்பிள்ளையைக் கரித்துக்கொட்டியவள், வாசலில் அவரைப் பார்த்ததும், "வாங்க மாப்ள, வெயில்ல வந்துருக்கீங்க," என்று காபி போட ஓடினாள். சதீஷ் உட்காரவில்லை. கவிதா வந்து நின்றாள்.

"பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன் கவிதா, நான் பண்ணது தப்புன்னு. நேத்து கிளாஸ்ல, தமிழ்லதான் சொன்னேன். இப்ப நீ சொல்ல வேண்டியதச் சொல்லு. நான் எதுவும் பேசல."

அவள் ஆரம்பித்தாள்.

ஐயா... மில்லில் ஒரு மாதம் பழகினாலும் எனக்கு அது வராது. சுத்தமான பாடாலூர்த் தமிழ். நாலு வருஷத்துக் கணக்கு. பிளாஸ்டிக் குடத்தில் தொடங்கி, அவருடைய ஈரத் துண்டு, போன பொங்கலுக்கு மறந்த சேலை, ஆஸ்பத்திரிக்கு வர மறந்த ஒரு செவ்வாய்க்கிழமை வரைக்கும் போனது. ஒன்றுக்குப் பதில் சொல்ல சதீஷ் வாயைத் திறந்தார். "இருங்க," என்றாள். மூடிக்கொண்டார். நான் நைசாக வாசலுக்கு நகர்ந்துவிட்டேன். தெருவில் எல்லா வீட்டிலும் டிவி சத்தம் குறைந்திருந்தது.

நடுவில் அக்கா காபி டம்ளரோடு வந்தாள். "எடுத்துக்கங்க மாப்ள, ஆறிடப் போவுது."

சதீஷ் கையை நீட்டினார்.

"குடுக்காதம்மா," என்றாள் கவிதா. "நான் இன்னும் முடிக்கல."

நீட்டிய கையை அவர் எடுத்துக்கொண்டார். அக்கா டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். காபி ஆறி ஆடை படிந்தது. அதற்குப் பிறகும் கால் மணி நேரம் ஆனது. கடைசியில் கவிதாவே டம்ளரை வாங்கி, உள்ளே போய்ச் சுடவைத்து, கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். நான் மூன்று போண்டாவுக்கு விற்ற உரிமையை அவள் ஒரு காபியை நிறுத்தி மீட்டுவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் பைக்கின் பின்னால் அந்த ஒரே பையோடு போனாள். போகும்போது சதீஷிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இனிமே திட்டுறதுன்னா எனக்குப் புரியிற மாதிரி திட்டுங்க. நானும் பேசணும்ல."

எனக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை. நான் திட்டினேனா, இல்லையா? திட்டப் போனபோது திட்டவில்லை. சந்தேகம் கேட்டபோது திட்டிவிட்டேன் என்கிறார்கள். அப்படியானால் இந்த ஐம்பது வருஷத்தில் நான் யார் யாரிடம் என்னென்ன சந்தேகம் கேட்டிருக்கிறேன்? அவர்களெல்லாம் சோறு இறங்காமல் இருந்தார்களா? அக்காவைக் கேட்டால் 'போண்டாவுக்குப் போனவன்' என்கிறாள். உறவில் இப்போது என் பெயரே அதுதான்.

இதை எழுதலாமா என்று தெரியாமல் இத்தனை நாள் வைத்திருந்தேன். அடுத்த வீட்டுச் சண்டையையே எழுதக் கூடாது, இது நம் வீட்டுச் சண்டை. சதீஷ் சாரைக் கேட்டேன். "எழுதுங்க மாமா. மத்த வாத்தியாருங்களும் படிக்கட்டும்," என்றார். கவிதாவுக்கு நேற்றுத்தான் போன் செய்தேன். பின்னால் பிள்ளைகள் படிக்கிற சத்தம் கேட்டது.

"எழுது மாமா. பேர மட்டும் மாத்திடு," என்றாள். நான் போனை வைக்கப் போகும்போது, "மாமா, ஒரு நிமிசம். அந்த நோட்ட நாந்தான் எடைக்குப் போட்டேன்னு மறக்காம எழுது. அதுவும் நடந்துச்சுல்ல."

எழுதிவிட்டேன்.

ஆவணி 26, வெள்ளிக்கிழமை.